கேட்டது ஒரு வரி, போனது 55,000 டோக்கன்

(திரையில்: சாட் பெட்டியில் "நாளைக்குக் காலையில் மீட்டிங் ஏதாவது இருக்கா?" என்று டைப் ஆகிறது.)

வணக்கம். இந்தக் கேள்வியில் இருப்பது நாலைந்து சொற்கள். ஆனால் என்டர் தட்டியதும் ஏ.ஐ. மாடலுக்குப் போவது இது மட்டும் இல்லை. உங்கள் ஏஜென்ட்டில், அதாவது மாடலை வைத்து உங்களுக்காக வேலை செய்யும் நிரலில், இணைத்து வைத்திருக்கும் அத்தனை டூல்களின் (காலண்டர் பார்ப்பது, மெயில் அனுப்புவது போன்ற கருவிகளின்) விளக்கமும் இதற்கு முன்னால் வரிசை கட்டிப் போகிறது.

(திரையில்: கிட்ஹப் 35, ஸ்லாக் 11, சென்ட்ரி 5, கிராஃபானா 5, ஸ்ப்ளங்க் 2)

2025 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் கொடுத்த கணக்கு இது. ஐந்து எம்.சி.பி. சர்வர்கள் (வெளிச் சேவைகளின் டூல்களை ஏஜென்ட்டோடு இணைக்கும் நிரல்கள்), மொத்தம் 58 டூல்கள். விளக்கங்கள் மட்டுமே சுமார் 55,000 டோக்கன். டோக்கன் என்பது மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் சின்னத் துண்டு; பில்லும் இதை எண்ணித்தான். இதில் ஸ்லாக்கைக் கவனியுங்கள். பதினோரு டூல்தான், ஆனால் 21,000 டோக்கன். முப்பத்தைந்து டூல் உள்ள கிட்ஹப்புக்கே 26,000தான். ஆக, எத்தனை டூல் என்பதைவிட ஒவ்வொன்றும் எவ்வளவு வளவளவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். தங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இது 1,34,000 வரை போனதுண்டு என்கிறார்கள். 2 லட்சம் டோக்கன் கொள்ளும் மாடலில் மூன்றில் இரண்டு பங்கு, வேலை தொடங்கும் முன்பே காலி.

சரி, இதை ஒரு தடவை அனுப்பினால் போதாதா? போதாது. மாடலுக்கு முந்தைய அழைப்பு ஞாபகத்தில் இருக்காது. ஹோட்டலில் உட்கார்ந்ததும் சர்வர் (இது வேறு சர்வர்) "இட்லி, பொங்கல், வடை, பூரி, ரவா தோசை" என்று மூச்சு விடாமல் அடுக்குவார் இல்லையா? நாம் இரண்டு இட்லி சொல்கிறோம். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணி கேட்கிறோம். தண்ணிக்கும் அவர் மறுபடி இட்லியிலிருந்து ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? ஏஜென்ட் ஒரு வேலையை முடிக்க மாடலை இருபது தடவை கூப்பிட்டால், 55,000 இருபது தடவை போகும். 11 லட்சம் டோக்கன்.

(திரையில்: ஒரு காலண்டர் டூலின் விளக்கம். கீழே கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது.)

ஒரு டூலைக் கிட்டத்தில் பார்ப்போம். பெயர், என்ன செய்யும் என்ற விவரம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்று சொல்லும் ஜேசான் ஸ்கீமா. எடை பெரும்பாலும் இந்த ஸ்கீமாவில்தான் ஒளிந்திருக்கும். திரையில் இருக்கும் இந்த டூல் நானே எழுதியது. "நேர மண்டலம்" என்ற ஓர் உள்ளீட்டுக்கு, ஆப்பிரிக்கா/அபிஜான் தொடங்கி உலகத்தில் உள்ள அத்தனை மண்டலங்களையும் அனுமதித்த மதிப்புகளாக ஒட்டி வைத்திருந்தேன். நூற்றுக்கணக்கான பெயர்கள். காலண்டரைப் பயன்படுத்தியதோ நாலு பேர். நாலு பேரும் சென்னை.

இப்போது அந்த இடத்தில் ஒரே வரி: "ஐ.ஏ.என்.ஏ. பெயர், உதாரணம் ஆசியா/கொல்கத்தா." ஐ.ஏ.என்.ஏ. என்ற அமைப்பின் பட்டியலில் உள்ள இந்த நேர மண்டலப் பெயர்கள் மாடலுக்கு ஏற்கெனவே தெரியும். எப்போதாவது தப்பாகக் கொடுத்தால், பிழைச் செய்தியில் சரியான வடிவத்தைச் சொன்னால் திருத்திக்கொள்ளும். அதற்காக எல்லாப் பட்டியலையும் வெட்டிவிடாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் டிக்கெட் நிலைகளுக்கு நீங்களே வைத்த பெயர்கள் மாடலுக்கு எங்கிருந்து தெரியும்? அவை இருக்கட்டும்.

விவரத்தைத் தமிழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் விலை கூடும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ ஒரு சின்ன அறிமுக வாசகத்தைப் பல மொழிகளில் எண்ணிக் காட்டியது. தமிழில், டோக்கனாகப் பிரிக்கும் பழைய முறைப்படி 116 டோக்கன், புதிய முறையில் 35. ஆங்கிலத்தில் 24. முன்பைவிட எவ்வளவோ தேவலை, இருந்தாலும் சமம் இல்லை. நான் டூல் விவரத்தை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, பயனரோடு பேசுவதைத் தமிழில் வைத்துக்கொள்கிறேன்.

"பிராம்ப்ட் கேஷிங் இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை?" என்று கமென்ட்டில் யாராவது எழுதுவீர்கள். நியாயமான கேள்வி. மாறாத தொடக்கப் பகுதியைச் சேமித்து வைத்து (அதுதான் கேஷ்) அடுத்த அழைப்பில் மறுபடி பயன்படுத்துவதுதான் பிராம்ப்ட் கேஷிங். ஆந்த்ரோபிக்கில் கேஷிலிருந்து படிக்கும் டோக்கனுக்கு வழக்கமான விலையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் குறைவது பில் மட்டும். இடம் அப்படியே அடைபட்டுத்தான் இருக்கும். ஒருவருக்கு அறிவிப்பு அனுப்பும் டூலையும் சேனலுக்கு அனுப்பும் டூலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், கூட்டத்தில் மாடல் தப்பானதைத் தொட்டுவிடுகிற ஆபத்தும் அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு பொறி. டோக்கனை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு சுற்றிலும் டூல் பட்டியலை மாற்றி மாற்றி அனுப்புபவர்கள் உண்டு. ஆந்த்ரோபிக் கேஷில் வரிசை இப்படி: முதலில் டூல்கள், அடுத்து சிஸ்டம் பிராம்ப்ட் (மாடலுக்கு நாம் தரும் நிலையான அறிவுரை), அதன் பிறகு உரையாடல். முதலில் இருப்பதைத் தொட்டால் பின்னால் இருக்கும் கேஷ் முழுவதும் போச்சு. கேஷில் திரும்ப எழுதும்போது விலை வழக்கத்தைவிட 25 சதவீதம் அதிகம்.

(திரையில்: 77,000 என்ற எண் சுருங்கி 8,700 ஆகிறது.)

இதற்கு வந்த மருந்துதான் டூல் சர்ச். டூல்களை "பிறகு ஏற்று" என்று குறித்துவிட்டு, தேடுவதற்கென்று ஒரே ஒரு டூலை மட்டும் முன்னால் வைக்கிறோம். அது சுமார் 500 டோக்கன். மாடல் தேடும், பொருந்துகிற மூன்று முதல் ஐந்து டூல்களின் விளக்கம் மட்டும் உள்ளே வரும். குறித்து வைத்தவை தொடக்கத்தில் இல்லாததால் கேஷும் உடையாது. ஆந்த்ரோபிக் சொன்ன உதாரணத்தில் 77,000 இருந்த இடத்தில் 8,700. இதில் எனக்குப் பிடித்தது வேறொரு எண். அவர்களின் உள் சோதனையில் ஓபஸ் 4 மாடலின் துல்லியம் 49 சதவீதத்திலிருந்து 74க்கு ஏறியிருக்கிறது. கூட்டம் குறைந்ததும் கண் தெளிந்த மாதிரி.

ஆனால் தேடல் என்றாலே கிடைக்காமல் போவதும் உண்டு. உங்கள் டூலுக்கு "புராசஸ்2" என்று பெயர் வைத்து, விவரத்தில் "தரவைக் கையாளும்" என்று எழுதியிருந்தால், இன்வாய்ஸ் தேடும் மாடலுக்கு அது எங்கே அகப்படும்? அதனால் சிஸ்டம் பிராம்ப்ட்டில் ஒரு வரி போடுங்கள்: காலண்டர், இன்வாய்ஸ், மெயில் டூல்கள் இருக்கின்றன, தேடி எடுத்துக்கொள். அடிக்கடி பயன்படும் மூன்று நாலை மட்டும் எப்போதும் திறந்தே வைத்துவிடுங்கள். மொத்தமே பத்து டூல்தான் என்றால் இந்தப் பாடே வேண்டாம்.

இன்னும் ஒரு வழி, டூல்களைக் கோட் ஃபைல்களாக வைத்து, மாடலையே நிரல் எழுத விடுவது. கிளவுட்ஃபிளேர் 2025 செப்டம்பரில் "கோட் மோட்" என்று இதைத்தான் செய்தது. ஆந்த்ரோபிக் காட்டிய உதாரணத்தில் 1,50,000 டோக்கன் 2,000 ஆனது. எண் மலைக்க வைக்கிறது. ஆனால் மாடல் எழுதும் நிரலைப் பாதுகாப்பாக ஓட்ட சாண்ட்பாக்ஸ் (மற்றவற்றைத் தொட முடியாதபடி அடைத்த தனி இடம்) வேண்டும், அதைக் கண்காணிக்க ஆள் வேண்டும். ரெண்டு பேர் டீமுக்கு முதல் நாள் வேலை இது இல்லை.

முதல் நாள் வேலை இதைவிடச் சின்னது. கிளாட் கோட் (ஆந்த்ரோபிக்கின் நிரல் எழுதும் ஏஜென்ட்) வைத்திருப்பவர்கள் சாய்கோடு போட்டு "கான்டெக்ஸ்ட்" என்று தட்டுங்கள். எம்.சி.பி. டூல்கள் எவ்வளவு பிடித்திருக்கின்றன என்று காட்டும். மற்றவர்கள் டூலோடு ஒரு தடவை, டூல் இல்லாமல் ஒரு தடவை டோக்கனை எண்ணிக் கழித்துப் பாருங்கள். கிட்ஹப் சர்வரில் "டூல்செட்ஸ்" என்ற அமைப்பு இருக்கிறது. இஷ்யூ (பிழை, கோரிக்கைப் பதிவுகள்) மட்டும் பார்க்கிறவர் அதை மட்டும் திறந்துகொள்ளலாம். மாற்றிவிட்டுத் திரும்ப எண்ணிப் பாருங்கள். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று கமென்ட்டில் போடுங்கள்.