பினாங்கில் மூன்று நாள்: கடை நேரம்தான் கடிகாரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கணவனும் மனைவியும் மட்டும் மூன்று நாளைக்குப் பினாங்கு போகிறார்கள். திட்டத்தை எதை வைத்துப் போடுவது? பார்க்கும் இடங்களை வைத்தா, சாப்பாட்டை வைத்தா? எதிரணித் தலைவர் இடம்தான் என்றார். "சோறு எங்கேயும் கிடைக்கும், கோபுரம் அங்கே மட்டும்தான் இருக்கும், இடத்தைப் பாருங்கள், பசித்தால் பக்கத்தில் சாப்பிடுங்கள்" என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், நடுவரே. வசனம் நன்றாக இருந்தது. விஷயம்தான் சரியில்லை.

கோபுரம் அங்கேயே இருக்கும் என்பதுதான் எங்கள் அணியின் வாதமும். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801 முதல் அங்கே இருக்கிறது. குயின் வீதி மகாமாரியம்மன் கோயில் 1833 முதல் இருக்கிறது. நீங்கள் பத்து மணிக்குப் போனாலும் பதினொன்றுக்குப் போனாலும் அவை நகரப் போவதில்லை. ஆனால் சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸ் போடுகிற தள்ளுவண்டிக்காரர் நகர்ந்துவிடுவார். அரிசிப் பட்டை நூடுல்ஸ் தீர்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ கடையே இருக்காது. அது எந்த நாள் என்பது கடைக்குக் கடை மாறும். காலைக் கடை மதியம் இருக்காது, மாலைக் கடை காலையில் இருக்காது. நகராத பொருளையும் நகரும் பொருளையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் எதன் நேரத்தை முதலில் எழுதுவீர்கள்? நகர்வதைத்தானே!

சார் குவே தியாவுக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று எதிரணியில் ஒரு அம்மையார் கேட்டார். நல்ல கேள்வி. அதைத் தட்டு தட்டாகத்தான் போட முடியும் அம்மா. இரும்புச் சட்டி புகைகிற சூட்டில் இருக்கும்போது பூண்டு, நூடுல்ஸ், சோயா சாறு, மிளகாய் விழுது, முட்டை, இறால், முளைகட்டிய பயறு, சீன வெங்காயத்தாள், கடைசியில் சிப்பி. எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள். நாலு தட்டுக்கானதை ஒன்றாகப் போட்டால் சட்டியின் சூடு விழுந்துவிடும். பயறும் நூடுல்ஸும் நீர் விடும். வதங்க வேண்டியது வேகும். பட்டை பட்டையாக நிற்க வேண்டியது கூழாகும். அதனால்தான் நல்ல கடையில் மதிய நேரம் அரைமணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. "பார்சல் வாங்கி அறையில் சாப்பிடலாமே" என்றால், கட்டிய பத்தாவது நிமிடம் அந்தக் கரிமணம் போய், ஒட்டிக்கொண்ட ஒரு கட்டிதான் மிஞ்சும்.

இப்போது எதிரணியே பெருமையாகச் சொன்ன ஒரு நாள் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். கொடிமலை என்ற பினாங்கு மலை, கெக் லோக் சி என்ற பௌத்தக் கோயில், அவ்வளவுதான், சாப்பாடு நடுவில் எங்காவது. சரி. மலை ரயிலின் முதல் வண்டி காலை ஆறரைக்கு. அந்த ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக விடியும் என்பதால் ஏழரை வண்டி போதும். மலை மேல் வெப்பம் கீழே இருப்பதைவிட நாலைந்து டிகிரி குறைவு. மேகம் ஏறுவதற்குள் ஊரும் கடலும் தெளிவாகத் தெரியும். வார நாளில் இந்த நேரத்தில் வரிசையும் குறைவு. பத்துக்கு மேல், அதுவும் சனி ஞாயிறென்றால், கூடுதல் கட்டணத்தில் தனி வரிசைச் சீட்டு வாங்கலாமா என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நிலை வரும்.

பத்துக்குள் இறங்கினால் 204 எண் பேருந்து. நகர மையத்துக் கொம்தார் கோபுரக் கட்டடத்திலிருந்து மலையடிவாரம் வரை ஓடும் அதே பேருந்து திரும்பும்போது ஆயர் ஈத்தாமில் நிற்கும். அங்கே இறங்குவது எதற்கு? அசாம் லக்சாவுக்கு. கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து, முள்ளெடுத்து உதிர்த்து, புளியும் அசாம் கெப்பிங் என்ற உலர்ந்த புளிப்புக்காயும் (நம் குடம்புளிக்குச் சொந்தக்காரக் காய்தான்) போட்டுக் கொதித்த சாறு. பருமனான அரிசி நூடுல்ஸ். மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, புங்கா கந்தான் என்ற இஞ்சிப்பூவின் மொட்டு. ஒரு கரண்டி கறுப்பு இறால் பாகு. தேங்காய்ப்பால் கிடையாது. சிங்கப்பூரில் தேங்காய்ப்பால் லக்சா சாப்பிட்டவர்கள் இதைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம், இது வேறு சாமான். காலை எட்டு மணிக்கு வந்தால் சாறு இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், தயாராகியிருக்காது. மதியம் கழித்து வந்தால் கூட்டம். பத்தரை, பதினொன்று சரியான நேரம். அங்கிருந்து நடந்தால் கெக் லோக் சி. 1890இல் கட்டத் தொடங்கிய கோயில், 1930இல் முடிந்த பகோடா, முப்பது மீட்டருக்கு மேல் நிற்கும் வெண்கல குவான் யின் சிலை. சாப்பிட்ட லக்சா செரிக்க அந்தப் படிகளைவிட நல்ல மருந்து கிடையாது.

கவனித்தீர்களா நடுவரே? மலையையும் பார்த்தாயிற்று, கோயிலையும் பார்த்தாயிற்று. ஆனால் மலைக்கு ஏழரைக்கே போக வேண்டும் என்று முடிவு செய்தது மலை இல்லை. லக்சா சட்டி.

அடுத்து, எதிரணி சொன்ன ஓட்டல் யோசனை. "பத்து பெரிங்கி என்ற ஊரில் கடலோர ஓட்டல், காலைச் சாப்பாடு அறை வாடகையிலேயே சேர்ந்தது, சிக்கனம்" என்றார்கள். இந்த ஒரு வரியில் இரண்டு தவறு. ஒன்று, அங்கிருந்து பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு 101 எண் பேருந்தில் போக முக்கால் மணி நேரமாவது ஆகும். நெரிசலில் இன்னும் கூடும். மூன்று நாளில் தினம் போக வர ஒன்றரை மணி என்றால் எத்தனை போயிற்று என்று பாருங்கள். இரண்டு, இலவசக் காலைச் சாப்பாடு. கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று எட்டரை மணிக்கு ரொட்டி, முட்டை, பழம், ஜூஸ் எல்லாம் நிரப்பிக்கொண்டால் பன்னிரண்டு வரை பசிக்காது. நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், டிம் சம் என்ற சீனச் சிற்றுண்டி, காலை இறால் நூடுல்ஸ் எல்லாமே போயிற்று. அறை மட்டும் எடுங்கள். ஜார்ஜ் டவுனின் சூலியா வீதி, ஆர்மீனியன் வீதி பக்கமாக எடுங்கள். வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருவராகப் போவதன் லாபத்தைப் பற்றி எதிரணி ஒரு வார்த்தை பேசவில்லை. தனியாகப் போகிறவருக்கு ஒரு நாளில் மூன்று கடை போதும், வயிறு நிரம்பிவிடும். இருவர் ஒரு தட்டைப் பகிர்ந்தால் ஐந்து ஆறு கடை. தள்ளுவண்டித் தட்டுகள் சிறியவை, பெரும்பாலும் பத்து ரிங்கிட்டைச் சுற்றித்தான் விலை. ஒரு தட்டு, இரண்டு கரண்டி, இரண்டு மணி நேர இடைவெளி. அந்த இடைவெளியில்தான் ஊர் பார்ப்பது. பல தள்ளுவண்டிகள் ஒரே கடைக்கட்டடத்தில் நிற்கும் இடத்தில் ஒருவர் மேசையைப் பிடித்து அதன் எண்ணைப் பார்த்து வைக்க வேண்டும். மற்றவர் கடை கடையாகப் போய் எண்ணைச் சொல்லி வர வேண்டும். தட்டு வரும்போது காசு. இரண்டு பேருமாகச் சேர்ந்து வரிசையில் நின்றால் மேசை போய்விடும், பிறகு குற்றம் யார் மேல் என்ற தனிப் பட்டிமன்றம் தொடங்கும். பானம் மட்டும் கடைக்கட்டடத்துக்காரரிடம்தான் வாங்க வேண்டும், வேறு கடையிலிருந்து கொண்டுவந்து வைத்தால் முகம் சுளிப்பார்கள். சில்லறை நோட்டு வேண்டும். ஒன்று, ஐந்து, பத்து. நூறு ரிங்கிட் நோட்டை நீட்டினால் தள்ளுவண்டிக்காரர் உங்களையே பார்ப்பார்.

"வயிறு கெட்டால் மூன்று நாளும் போச்சே!" என்று பயமுறுத்தினார்கள். பயம் நியாயம். ஆனால் எங்கே பயப்பட வேண்டும் என்று தெரிய வேண்டும். கண்ணெதிரே கொதிக்கிற, வதங்குகிற பண்டத்தில் ஆபத்து குறைவு. சார் குவே தியாவில் கடைசியில் போடும் சிப்பிதான் அரைவேக்காடு. மஞ்சள் காமாலை, டைபாய்டு வரை கொண்டுபோய் விடக்கூடியது அது. மலாயில் "தாக் மாவ் கெராங்" (சிப்பி வேண்டாம்) என்றால் போடமாட்டார்கள். காலையில் சமைத்து மாலை வரை ஆறிக் கிடக்கும் பண்டத்தைத் தொடாதீர்கள். இன்னொன்று, அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை ஏழு என்றால் நம் வயிற்றுக்கு நாலரை. முதல் நாள் காலையில் நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றை இறக்கினால் வயிறு கேள்வி கேட்கத்தான் செய்யும். முதல் நாள் காலை ஒரு ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர், போதும்.

நாசி கண்டாரைச் சொல்லாமல் உட்கார்ந்தால் எங்கள் அணியே என்னை விடாது. நம் ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டின் இரு பக்கமும் கூடை தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சோறு விற்ற வழியில் வந்தது. இன்று கண்ணாடிப் பெட்டி வைத்த கடை. சோறு வாங்கி, வேண்டியதைக் கைகாட்ட வேண்டும். இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். விலைப்பலகை இருந்தாலும் பெரிய இறால், மீன் சினை, கணவாய்க்கு அளவைப் பார்த்து விலை. கைகாட்டும் முன்பே "பெராப்பா" (எவ்வளவு) என்று கேட்டுவிடுங்கள். அடுத்தது குழம்பு. "குவா சம்புர்" என்று சொல்லிவிட்டால் மீன், கோழி, மாடு எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள். அந்தக் கலவைதான் ருசியே. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் தட்டு கைக்கு வருவதற்குமுன் "தாக் மாவ் குவா டாகிங்" என்று சொல்ல வேண்டும். ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

"என் மனைவி சைவம், அவர் என்ன செய்வார்?" என்று எதிரணியில் ஒருவர் உருகினார். அவர் மனைவிக்கும் திட்டம் வேண்டும் என்பதற்கு அவரே சாட்சி! சைவருக்குத்தான் சாப்பாட்டை முன்கூட்டியே வகுப்பது இன்னும் அவசியம். "பசித்தால் பக்கத்தில்" என்று போனால் கீரை வதக்கலில்கூடப் பெலாச்சான் இருக்கும், அது இறால் விழுது. சம்பலிலும் அதுதான். சூப்பில் காய்ந்த இறால், சீனக் கடை வதக்கலில் பன்றிக் கொழுப்பு. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடும் தோசையும் உண்டு. சீனப் பௌத்தர்களின் சைவக் கடைகளும் உண்டு, அங்கே பெரும்பாலும் வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மீன் போலவும் கோழி போலவும் செய்து வைத்திருப்பார்கள். அது சோயா, அலற வேண்டாம். சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இந்தக் கடைகளில் கூட்டம். இருவரில் ஒருவர் மட்டும் சைவமென்றால் பல கடை சேர்ந்த திறந்தவெளி உணவு வளாகம்தான் வசதி. அவரவர் தட்டு, ஒரே மேசை.

இடங்களுக்கும் நேரம் உண்டே என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. கூ கொங்சி என்ற சீனக் குல மாளிகையை ஐந்து மணிக்குச் சாத்துவார்கள். வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்க முடியாது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை வெயிலில் ஏறுவது தண்டனை, காலையிலேயே ஏறிவிட வேண்டும். சூ படகுத்துறைக் குடியிருப்புக்குச் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போகிறார்களே, அந்தத் துறை கிழக்குப் பார்த்தது. உதயம்தான் அங்கே அழகு. எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள், ஒன்றுகூடச் சாப்பாட்டோடு மோதவில்லை! 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனின் மையப்பகுதியே 109 ஹெக்டேர்தான். பினாங்கு சாலைப் பக்கம் ஒரு கிண்ணம் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பு, பிறகு கடைவீட்டு முகப்புத் தாழ்வார நிழலிலேயே நடந்தால் வழியில் 2012இல் வரைந்த சைக்கிள் சிறுவர் சுவரோவியம், கடைசியில் கொங்சி. இரண்டு தட்டுக்கு நடுவில் பாதி ஊர் முடிந்துவிடும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் திட்டத்தில் இரண்டாம் நாள் மதியம் ஒரு மணிக்கு இந்தக் கணவனும் மனைவியும் எந்தத் தெருவில் நிற்கிறார்கள், அது என்ன கிழமை, அங்கே எந்தக் கடை திறந்திருக்கிறது? அதைச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.