லிட்டில் அந்தமான் போகிறவர்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அந்தமானில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசியாக வேலை பார்த்தது லிட்டில் அந்தமான் தீவில், ஹட்பே என்கிற ஊரில். விடுமுறை நெருங்கினால் தெரிந்தவர்கள் போன் பண்ணி, "அக்கா, அந்தமான் போறோம், எதையெல்லாம் பாக்கலாம்?" என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: திரும்பி வருவதற்கு எத்தனை நாள் கையில் வைத்திருக்கிறீர்கள்?

காட்பாடியில் ரயில் ஏறி, சென்னையில் விமானம் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், போர்ட் பிளேர் வந்துவிடும். 2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனால் சுமார் மூன்று நாள். அதுவரை சரி. லிட்டில் அந்தமான் அங்கிருந்து இன்னும் தெற்கே, ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அரசாங்கக் கப்பலில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். அந்தக் கப்பல் தினமும் ஒரே நேரத்தில் புறப்படும் டவுன் பஸ் கிடையாது. கடல் கொந்தளித்தால் நின்றுவிடும். டிக்கெட்டும் சில நாளுக்கு முன்புதான் கொடுப்பார்கள், அதில் தீவுக்காரர்களுக்கே முன்னுரிமை. அது நியாயம். அவர்களுக்குப் பள்ளிக்கூடம், கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் வழி அந்தக் கப்பல்தான்.

அதனால் தூரத்துத் தீவை முதலில் பார்த்துவிடுங்கள். போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் உள்ள ஹேவ்லாக், நீல் தீவுகளைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாவது போர்ட் பிளேருக்கு வந்து சேருங்கள். அங்கே பார்க்க செல்லுலார் சிறை இருக்கிறது, அந்த இரண்டு நாள் வீணாகாது. பொங்கல் கழிந்து ஏப்ரல் வரை போவது நல்லது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அது ஓய்ந்தாலும் வருஷக் கடைசியில் வங்கக் கடலில் புயல் பயம் உண்டு.

நம் ஊரிலேயே விசாரிக்க ஓர் இடம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம், காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் சிகிச்சைக்காக வந்து தங்கும் அந்தமான் குடும்பங்களைப் பார்க்கலாம். எந்த மாதம் எந்தக் கப்பல் ஒழுங்காக ஓடுகிறது, ஹட்பேயில் எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நோயாளி தூங்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் நிறையப் பேர்.

இனி என் தொழில் சம்பந்தமான விஷயம். கப்பலில் குமட்டல் ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டால், மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். கண் அழுத்த நோய், பிராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, அங்கே இடம் பிடியுங்கள். தலை சுற்றினால் செல்போனை மூடிவிட்டு, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை, தங்கும் நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிடும் அதே மருந்து ஹட்பே கடையில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இன்சுலினை விமானத்தில் கைப்பையிலேயே வைத்திருங்கள். சரக்குப் பகுதியில் போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம். தீவில் மின்சாரம் நின்றால் பதற வேண்டாம். ஒரு சின்ன மண்பானையில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் தெளித்து, இறுக மூடிய டப்பாவில் மருந்தை வைத்து மணலில் பதித்துவிடுங்கள். பானையின் வாயை ஈரத்துணியால் மூடி, காற்று வரும் நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜ் மாதிரி ஜில்லென்று ஆகாது. ஆனால் சூட்டிலிருந்து காப்பாற்றும். காலையிலும் மாலையிலும் துணியை நனைத்தால் போதும். ஹட்பேயில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பெரிய ஆபத்து என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். கப்பலோ ஹெலிகாப்டரோ, இரண்டுக்கும் வானிலை ஒத்துழைக்க வேண்டும். சமீபத்தில் நெஞ்சு வலி வந்தவர்கள், மாதம் நிறைந்த கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பவளப்பாறையில் கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது, மிதித்தால் செத்துப்போகும். உங்கள் காலையும் கிழிக்கும். கிழித்தால் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, உள்ளே துகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். துகள் தங்கிவிட்டால் புண் லேசில் ஆறாது. சர்க்கரை உள்ளவர்கள் கடற்கரையில் செருப்பைக் கழற்றவே வேண்டாம்.

பட்லர் பே கடற்கரை கண்ணை விட்டு அகலாத அழகு. ஆனால் ஓடை கடலில் கலக்கும் இடங்களிலும், அலையாத்திக் காட்டுப் பக்கமும் உப்புநீர் முதலை உண்டு. 2010இல் ஹேவ்லாக்கில், கடலுக்குள் பவளப்பாறை பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்காதீர்கள். பலகை இல்லாத இடத்தில் உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். இன்னொன்று: அங்கே நம் வேலூரைவிடச் சுமார் 50 நிமிடம் முன்பே விடியும். இருட்டுவதும் அப்படித்தான். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் மசமசவென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் தண்ணீரில் இருக்கக் கூடாது. நிலம் வெகு நேரம் ஆடினாலோ, கடல் உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 சுனாமியில் ஹட்பே பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

அதே லிட்டில் அந்தமானில் ஓங்கே என்கிற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மொத்தமே நூற்றுச் சொச்சம் பேர். அவர்களுடைய பகுதிக்குள் போக நமக்கு அனுமதி இல்லை. 1956ஆம் ஆண்டு முதலே அதற்குச் சட்டம் இருக்கிறது. "காசு கொடுத்தால் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நமக்கு வெறும் இருமலாக வந்து போவது, அத்தனை சிறிய கூட்டத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று ஒரு செவிலியராக நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. போட்டோவும் எடுக்க வேண்டாம். கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சங்கு எதையும் பையில் போடாதீர்கள். விமான நிலையத்தில் சோதிப்பார்கள், வனவிலங்குச் சட்டப்படி வழக்கு வரும்.

ரொக்கம் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ தேவலை. ஆனாலும் செல்போனில் பணம் அனுப்புவதை மட்டுமே நம்ப முடியாது.

மழை பெய்திருந்தால் தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஒரு காலத்தில் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பயந்தது எலிக்காய்ச்சல்தான் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக வருவது அது. கொசு வலையும் அவசியம், மலேரியாவும் உண்டு. ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் சதை வலித்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போய், அவர் கேட்காவிட்டாலும், "அந்தமான் போய் வந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். என்ன பரிசோதனை செய்ய வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வணக்கம்.