மழைக்காலத்தில் சுரங்கத் தண்ணீர் ஏன் கலங்கி வருகிறது? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி குறிஞ்சிப்பாடி பக்கத்து நேயர் ஒருவருடையது. "நெய்வேலிச் சுரங்கத் தண்ணீர் கோடையில் தெளிவாக வருகிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சேறாக வருகிறது. வண்டல் படிவதற்குக் குளம் வெட்டினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறார்.

சுரங்கத்திலிருந்து வெளியே வருவது இரண்டு விதமான தண்ணீர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைக்காமல் விட்டால் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். அதனால் ஆழ்குழாய்கள் போட்டு இரவு பகலாக இறைக்கிறார்கள். 1961-இல் முதல் நிலக்கரியை வெட்ட முடிந்ததே இந்த அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான். அந்தத் தண்ணீர் மண்ணில் புரளாமல் நேராகக் குழாய் வழியாக வருகிறது. கோடையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

மழைத் தண்ணீர் அப்படியில்லை. வெட்டிக் குவித்த மேல்மண் மேடுகளிலும் சுரங்கப் படிகளிலும் விழுந்து, களிமண்ணைக் கரைத்துக்கொண்டு அடியில் இருக்கும் சம்ப்பில், அதாவது தண்ணீர் சேரும் பள்ளத்தில், வந்து சேர்கிறது. அதைத்தான் பம்ப் வைத்து மேலே ஏற்றுகிறார்கள்.

சரி, குளத்துக்கு வருவோம். நிற்கிற தண்ணீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.02 மில்லிமீட்டர் வண்டலுக்கு முக்கால் மணி நேரம். 2 மைக்ரான், அதாவது 0.002 மில்லிமீட்டர், களிமண்ணுக்கோ ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். வேண்டுமானால் மழை அன்று சுரங்கத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். மணல் கண்ணெதிரே அடியில் உட்கார்ந்துவிடும். மறுநாள் காலையிலும் மேல் தண்ணீர் தேநீர் நிறத்திலேயே இருக்கும். அடைமழையில் எந்தக் குளமும் தண்ணீரை மூன்று நாள் பிடித்து வைக்காது. அதனால்தான் படிகாரம் மாதிரி ஒன்றைச் சேர்த்து, துகள்களைத் திரள வைத்துப் படிய விட வேண்டியிருக்கிறது. கலங்கிய தண்ணீர்ப் பானையில் தேத்தாங்கொட்டை இழைத்துத் தெளிய வைப்பார்களே, அதே வேலைதான்.

ஆழமாகத் தோண்டினால் நன்றாகப் படியும் என்று பலர் நினைக்கிறார்கள். படிவதற்குப் பரப்புதான் முக்கியம். ஆழம், படிந்த சேற்றை வைத்துக்கொள்ளத்தான். தண்ணீர் உள்ளே வரும் வாயும் வெளியேறும் கலங்கலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், குளம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வந்த தண்ணீர் குறுக்கே ஓடி வெளியே போய்விடும். இரண்டும் எதிரெதிர்க் கோடியில் இருக்க வேண்டும், நடுவே தடுப்பு வைத்து வளைத்து ஓடவிட வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, தூர் வாராமல் விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். குளத்துக்குள் அளவுக் குறி போட்ட கம்பம் ஒன்று நட்டிருந்தால், சேறு எந்தக் குறி வரை ஏறியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாதிக் குளம் சேறாகிவிட்டால், காகிதத்தில் என்ன கொள்ளளவு எழுதியிருந்தாலும் இருப்பது பாதிதான். புரட்டாசிக்குள் வாரி முடித்துவிட வேண்டும். அப்புறம், வாரிய சேற்றை மண் மேட்டுச் சரிவிலேயே கொட்டினால் முதல் மழையில் அது திரும்பக் குளத்துக்கே வந்துவிடும்.

என்னைக் கேட்டால், குளத்துக்கு முந்தைய வேலைதான் பெரிய வேலை. சுரங்கத்தைச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டி வெளி மழைநீர் உள்ளே இறங்காமல் திருப்பிவிட வேண்டும். மேடுகளைப் படிப்படியாக வெட்டிப் புல்லும் மரமும் பிடிக்க வைக்க வேண்டும். குழாயில் வரும் தெளிந்த நீரைச் சேற்றுநீரோடு கலக்கவிடாமல் தனி வாய்க்காலில் கொண்டுபோக வேண்டும். கலந்துவிட்டால் நல்ல தண்ணீரும் கெட்டு, குளத்துக்கும் சுமை கூடுகிறது. இந்தத் தண்ணீரை நம்பிப் பாசனம் செய்கிற ஏரிகள் அங்கே இருக்கின்றன. பெருமாள் ஏரி தூர்ந்துகொண்டே வருகிறது என்று விவசாயிகள் வெகுகாலமாகச் சொல்கிறார்கள். ஏரியில் ஏறும் ஒவ்வொரு அடி மண்ணும் ஒரு அடித் தண்ணீரைக் குறைக்கிறது.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து நீர்நிலைகளில் விடும் தண்ணீரில் மிதக்கும் துகள்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. நீங்கள் கேட்க வேண்டியது மழை நாட்களில் எடுத்த மாதிரிகளின் அளவு. கோடையில் எடுத்த மாதிரி எதையும் காட்டாது. கடலூரில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாத அளவுகளைத் தேதியோடு, எந்த இடத்தில் எடுத்தது என்பதோடு கேளுங்கள்.