சிவப்பு ஒளியும் புழுவின் ஞாபகமும்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சிவப்பு விளக்கின் முன் தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ஞாபக சக்தி கூடும் என்று சொல்லிக் கருவிகள் விற்கிறார்கள். மனிதரிடம் அதைச் சோதிக்கப் பல வருடம் ஆகும். வாழைத்தாரைச் சுற்றும் பழ ஈயிடம் என்றால், நம் ஊர்க் கல்லூரி ஆய்வகம் ஒன்றிலேயே சில வாரங்களில் சோதிக்கலாம். வாசனையைக் கற்று நினைவில் வைக்க இந்த ஈக்கு முடியும் என்று 1974-லேயே காட்டிவிட்டார்கள். 2015-இல் லண்டன் ஆய்வாளர்கள் 670 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை ஈக்கள்மேல் தினமும் பாய்ச்சினார்கள். ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு உடலில் கூடியது, முதுமையில் நடமாட்டமும் தேறியது. ஞாபகம் தேறுமா என்பது தனிக் கேள்வி.

ஈக்களுக்கு மலிவான ஞாபகச் சோதனை ஒன்று உண்டு. வெளிச்சமான குழாயில் கசப்பான குயினைன் தடவி வைத்து, ஈ வெளிச்சத்தைத் தவிர்க்கப் பழகுகிறதா என்று பார்ப்பது. ஒளி சிகிச்சையின் பலனைச் சோதிக்க இது உதவாது. சிகிச்சை பெற்ற ஈ வெளிச்சத்துக்குப் போகாவிட்டால், பாடம் நினைவிருந்ததாலா, கண் களைத்ததாலா என்று பிரிக்க வழியில்லை. ஒளியைச் சோதிக்கிறவர், அளவிடும் கட்டத்தில் ஒளிக்கு எந்த வேலையும் தரக்கூடாது. அதனால்தான் பழ ஈயின் முட்டையிலிருந்து வரும் புழுவையும், வெளிச்சத்துக்குப் பதில் வாசனையையும் எடுத்துக்கொள்வது நல்லது என்கிறேன்.

வளர்ப்புக்கு மைசூர் பல்கலைக்கழக ஆய்வகங்கள் பயன்படுத்தும் கலவையே போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் என்னும் கடற்பாசிக் கூழ்ப்பொடி 10 கிராம், புரோபியானிக் அமிலம் 7.5 மில்லி. அமிலத்தைக் கொதியில் ஊற்றாதீர்கள், ஆவியாகிவிடும். பிறகு பூஞ்சை பூத்து எல்லாம் வீண். இறக்கி, சற்று ஆறியபின் கலக்க வேண்டும். வெப்பம் 25 டிகிரி. கத்திரி வெயிலில் அறையில் வைத்தால் 30 டிகிரிக்கு மேல் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். ஆகவே வெப்பத்தை ஒரே அளவில் வைக்கும், குளிரூட்டும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் பெட்டி கட்டாயம் வேண்டும். கரண்ட் போன நேரத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

முட்டையிட்டு ஐந்தாம் நாள், தீனியில் மேய்ந்துகொண்டிருக்கும் மூன்றாம் பருவப் புழுக்களை எடுங்கள். சுவரில் ஏறியவை வேண்டாம், அவை தின்பதை நிறுத்திவிட்டன. தீனிக்குள் புதைந்த புழுவுக்கு ஒளி எட்டாது. கழுவி, மெல்லிய அகர் தட்டில் பரப்பித்தான் ஒளி காட்ட வேண்டும்.

அளவை விளக்கின் வாட்டில் சொல்லாதீர்கள். புழு இருக்கும் உயரத்தில் ஒளித்திறன் மானி வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று பாருங்கள். 20 மில்லிவாட் என்றால் 100 விநாடியில் 2 ஜூல். செல்போனில் உள்ள லக்ஸ் செயலி இதற்கு ஆகாது. லக்ஸ் மனிதக் கண்ணின் கூர்மையை ஒட்டிய அளவு. 670-இல் நம் கண் உச்சக் கூர்மையில் சுமார் மூன்று சதவீதம்தான் உணர்கிறது. கூடுதல் ஒளி கூடுதல் பலன் தராது. உரம் மிஞ்சினால் பயிர் கருகுவதுபோல, அளவு மிஞ்சினால் பலன் தலைகீழாகலாம். குறைந்தது மூன்று அளவுகளாவது வையுங்கள்.

ஒப்பீட்டுக் குழுவும் அதே விளக்கின் கீழ், அதே நேரம் இருக்க வேண்டும். ஆனால் தட்டை அலுமினியத் தாளால் மூடுங்கள். எல்.இ.டி.யும் சுடும். தட்டின் மேல் வெப்ப உணரி வைத்து, இரு குழுவிலும் ஒரே வெப்பம் என்று உறுதி செய்யாவிட்டால், நீங்கள் அளப்பது சூட்டின் விளைவாக இருக்கலாம்.

இனிப் பாடம். நூறு மில்லி அகரில் 36 கிராம் ஃபிரக்டோஸ் சேர்த்தால் இரண்டு மோலார் செறிவுள்ள இனிப்புத் தட்டு. வாழைப்பழ வாசனை உள்ள அமைல் அசிடேட்டைப் பாரஃபின் எண்ணெயில் 50-க்கு 1 கலந்து, துளையிட்ட சிறு மூடிகளில் விட்டு வையுங்கள். முப்பது புழுக்களை இனிப்புத் தட்டில் இந்த வாசனையோடு ஐந்து நிமிடம், பிறகு இனிப்பில்லாத தட்டில் ஆக்டனால் என்னும் வேறொரு வாசனைப் பொருளோடு ஐந்து நிமிடம் விடுங்கள். மூன்று முறை இப்படி. இன்னொரு முப்பதுக்கு நேர் எதிராக, ஆக்டனாலோடு இனிப்பு. இந்த எதிர்க்குழு இல்லையென்றால், புழுவுக்கு இயல்பாகவே எந்த வாசனை பிடிக்கும் என்பதைத்தான் ஞாபகம் என்று எண்ணிவிடுவோம்.

சோதிக்கும் தட்டு இனிப்பில்லாததாக இருக்க வேண்டும். இனிப்பு அங்கேயே கிடைத்தால், புழு அதைத் தேடிப் போகாது, கற்றது வெளிப்படாது. ஒரு பக்கம் அமைல் அசிடேட், எதிர்ப்பக்கம் ஆக்டனால், மூன்று நிமிடம் கழித்து எந்தப் பக்கம் எத்தனை புழு என்று எண்ணுங்கள். ஒரு குழுவை உடனேயும், இன்னொரு குழுவை ஒரு மணி நேரம் கழித்தும் பாருங்கள். முதல் எண் கற்றலையும், இரண்டாவது நினைவில் நிற்பதையும் காட்டும்.

ஒரு தட்டில் முப்பது புழு இருப்பதால் முப்பது தரவு கிடைத்ததாக எண்ணக்கூடாது. நேர்க்குழுவும் எதிர்க்குழுவும் சேர்ந்த ஒரு ஜோடிக்கு, இரண்டின் விருப்பத்திலும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் ஒரே ஒரு எண். இதில்தான் பல மாணவர் ஆய்வுகள் இடறுகின்றன.

பயிற்சி பெறாத புழுக்களுக்கும் ஒளி காட்டி, இனிப்பையும் வாசனையையும் முன்போலவே நாடுகின்றனவா, அதே வேகத்தில் ஊர்கின்றனவா என்று தனியே பாருங்கள். அவை மாறியிருந்தால், ஞாபகம் கூடியது என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. எந்தத் தட்டுக்கு ஒளி காட்டியது என்பதை எண்ணுகிறவர் அறியக் கூடாது. அடையாளக் குறிகளை வேறொருவர் வைத்திருந்து, கடைசி எண்ணிக்கையும் எழுதி முடிந்த பிறகே பிரிக்க வேண்டும்.

வணக்கம்.