கொண்டது விடாத முதலை

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்பு பேசி, நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்ட பேராசிரியர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கிற தம்பிகளே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்கு நன்றி. வரவேற்புரையில் என்னை முதலை நிபுணர் என்றார். நிபுணர் இல்லை ஐயா, முதலைப் பைத்தியம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். அலிகேட்டர் என்கிற முதலை இனம் எப்படிக் கண்டம் தாண்டியது, அதன் உறவு என்று சொல்லப்பட்ட ராட்சதன் யார், மூன்றாவது தென் அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்த ராட்சத முதலை புருசாரஸ்.

'மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா' என்பார்கள். இன்று மூர்க்கனைப் பற்றியும் கொஞ்சம் பேசத்தான் போகிறேன்.

இன்று உயிரோடு இருக்கும் அலிகேட்டர் இரண்டே வகை. ஒன்று அமெரிக்காவில், மற்றது சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்கம். நடுவில் பசிபிக் கடல். குரோக்கடைல் முதலைக்கு நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பி வேலை செய்கிறது. அலிகேட்டருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நீந்தி வந்திருக்காது, பூமி வெப்பமாக இருந்த காலத்தில் ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைத்திருந்த பெரிங் நிலப்பாலம் வழியாக வந்திருக்கும் என்கிறார்கள். 2023-இல் தாய்லாந்தில் கிடைத்த புதைபடிவ முதலை மண்டையோடு ஒன்றுக்கு 'அலிகேட்டர் முனென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். சீன அலிகேட்டருக்கு நெருங்கிய சொந்தம். சரி, இது போதும்.

ராட்சதனுக்கு வருவோம். டைனோசூக்கஸ் என்கிற பழங்கால முதலை. சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் வாழ்ந்தது, பத்து மீட்டருக்கு மேல் நீளம். 1858-இல் அமெரிக்காவில் எம்மன்ஸ் என்பவர் அதன் பல்லை வருணித்தார், ஆனால் வேறொரு கடல் ஊர்வன என்று நினைத்தார். பெயர் வந்தது 1909-இல்தான். அப்புறம் 1940-இல் டெக்சாஸ் பிக் பெண்டில் மண்டையோட்டுத் துண்டுகள் கிடைத்தன. துண்டுகள்தான், முழுத் தலை இல்லை! நியூயார்க் அருங்காட்சியகத்தார் என்ன செய்தார்கள்? கியூபா முதலையின் தலையை மாதிரியாக வைத்து, இல்லாத இடமெல்லாம் பிளாஸ்டர் பூசி, ஒரு பிரம்மாண்டத் தலையைச் செய்துவிட்டார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது காட்சியில் இருந்தது. குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள், அதுவும் வாயைப் பிளந்தே இருந்தது. பின்னால் நல்ல எலும்புகள் கிடைத்தபோது பார்த்தால், உண்மையான மூக்கு அகன்று, நுனியில் புடைத்து, வேறு மாதிரி! இத்தனை நாள் எல்லாரும் பயந்தது பாதி பிளாஸ்டருக்கு.

சிரிக்கலாம். ஆனால் பிழை எப்படித் தெரிந்தது? எலும்பு பொது அருங்காட்சியகத்தில் இருந்தது. எவரும் போய் ஒப்பிட முடிந்தது. 2025-இல் ஓர் ஆய்வு, இந்த ராட்சதன் அலிகேட்டர் குடும்பமே இல்லை, அதற்கு முந்தைய கிளை என்றது. அதையும் நாளை ஒருவர் மறுக்கலாம், எலும்பு கைக்கு எட்டினால்.

இதே எலும்பு ஏலத்தில் போயிருந்தால்? வாங்கிய சீமான் வரவேற்பறையில் வைத்துப் பூட்டியிருப்பார். தட்டிப் பாருங்கள், திறப்பாரா? மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா! முதலையாவது செத்தபின் எலும்பை விட்டுவிட்டுப் போகிறது ஐயா, இவர் அந்த எலும்பையும் விடமாட்டார். அறிவியலுக்கு உதவும் புதைபடிவம் எதுவும் தனியார் ஏலத்துக்குப் போகக்கூடாது என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் நோட்டு இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பேனாவை மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள்.

புருசாரஸா? தலைவர் மணியைத் தொடுகிறார். அதற்கு இன்னொரு கூட்டம் போடுங்கள், பொன்னாடை இல்லாமலே வருகிறேன். வணக்கம்.