மர்ட்டில் பீச் பேஸ்பால் பயணம்: பந்து வீசும் பிள்ளையின் கையைக் காப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. தென் கரோலினாவின் மர்ட்டில் பீச் நகரில், பேஸ்பால் மைதானத்தின் வேலியோரம் எங்கள் அணி போட்டிருக்கும் கூடாரத்தின் கீழ் உட்கார்ந்து இந்த வீடியோவைப் பதிவு செய்கிறேன். காலை ஆட்டம் முடிந்துவிட்டது; அடுத்த ஆட்டம் மாலையில்தான். பிள்ளைகள் எனக்குப் பின்னால் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் வட கரோலினாவின் கேரி நகரில் வசிக்கிறோம் என்பதும், என் மகன் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடுகிறான் என்பதும் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். வெளிமாநிலப் போட்டிக்கு அணியோடு போகும்போது என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இத்தகைய வார இறுதிப் போட்டிகளில் பந்து வீசும் பிள்ளைகளின் கை என்ன பாடுபடுகிறது, அதைப் பெற்றோர் எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் 1939இல் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கிய லிட்டில் லீக் போன்ற ஊர் லீகுகளில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து, பெரும்பாலும் தம் ஊருக்குள்ளேயே ஆடுவார்கள். ட்ராவல் பால் என்று இங்கே எல்லோரும் சொல்வது வேறு. தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்கி, வார இறுதிகளில் பிற நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் போய்ப் போட்டியிடும் அணிகள் இவை. கேரியிலிருந்து ஐ-95 நெடுஞ்சாலையில் லம்பர்ட்டன் வரை வந்து, அங்கிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால், நடுவில் ஓரிடத்தில் நின்றாலும் மூன்றரை மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடலாம். கடற்கரையும் விடுதிகளும் நிறைந்த ஊர் என்பதால் தம்பி தங்கைகளும் தாத்தா பாட்டியும்கூட உடன் வருவார்கள். போட்டி நடத்துபவர்கள் இத்தகைய ஊர்களை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஊரில் கால் ரிப்கன் ஜூனியரின் பெயர் தாங்கிய பெரிய பேஸ்பால் வளாகம் ஒன்று இருக்கிறது. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காக 1982 முதல் 1998 வரை ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் தொடர்ச்சியாக 2,632 ஆட்டங்கள் ஆடியவர் அவர். அந்த எண்ணைக் கேட்கும் பிள்ளைகளுக்கு, ஒரு நாளும் ஓயாமல் ஆடுபவன்தான் சிறந்த வீரன் என்ற எண்ணம் பதிந்துவிடுவது இயல்பு. ஆனால் ரிப்கன் ஷார்ட்ஸ்டாப், தேர்ட் பேஸ்மேன் ஆகிய பீல்டிங் இடங்களில் ஆடியவர். பந்து வீசியவர் அல்லர். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் தொழில்முறை பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், முழு வளர்ச்சி அடைந்த உடலோடும் கூடவே இருக்கும் மருத்துவர்களோடும்கூட, ஒருமுறை வீசிய பிறகு வழக்கமாக நான்கைந்து நாட்கள் ஓய்வெடுத்துவிட்டுத்தான் மீண்டும் மவுண்டில், அதாவது பந்து வீசும் மேட்டில், ஏறுகிறார். என் மகனிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இப்போது வார இறுதிப் போட்டியின் அமைப்பைப் பாருங்கள். சனிக்கிழமை பூல் ஆட்டங்கள், அதாவது குழுப் பிரிவு ஆட்டங்கள், பெரும்பாலும் இரண்டு. அவற்றின் முடிவை வைத்து அணிகளை வரிசைப்படுத்தி, ஞாயிற்றுக்கிழமை பிராக்கெட் என்னும் நாக்அவுட் ஆட்டங்களை நடத்துகிறார்கள். தோற்றால் வீட்டுக்குப் போகலாம், வென்றால் அடுத்த ஆட்டம், அதிலும் வென்றால் இறுதி ஆட்டம் என்று, நன்றாக ஆடும் அணி ஒரே நாளில் மூன்று ஆட்டங்களைக்கூட ஆட நேரிடும். சமமான வெற்றிகள் பெற்ற அணிகளைப் பிரிப்பதற்குப் பல போட்டிகளில் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த ரன்களைக் கணக்கிடுவதால், எட்டு ரன் முன்னிலையில் இருக்கும்போதும் சில கோச்சுகள் தங்கள் சிறந்த பிட்ச்சரை வெளியே எடுக்கத் தயங்குகிறார்கள். அணியில் பதினொரு பிள்ளைகள் இருக்கலாம். குறி தவறாமல் வேகமாக வீசக்கூடியவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர்தான் இருப்பார்கள். இரண்டு நாட்களின் பாரம் முழுவதும் அந்த இரண்டு மூன்று சிறுவர்களின் தோளிலும் முழங்கையிலும் போய் விழுகிறது. கோப்பை வழங்கப்படுவதோ ஞாயிறு மாலையில், அவர்களின் கை மிகவும் களைத்திருக்கும் நேரத்தில்.

இதற்குத் தெளிவான வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும், நாட்டின் பேஸ்பால் அமைப்பான யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் ‘பிட்ச் ஸ்மார்ட்’ என்ற வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. யூஎஸ்ஏ பேஸ்பாலின் தேசியப் பயிற்சி வளாகம் எங்கள் கேரியிலேயே இருப்பதால், எங்கள் பகுதிப் பெற்றோர் பலரும் இதை அறிந்தே இருக்கிறார்கள். அதன்படி 11, 12 வயதுப் பிள்ளை ஒரே நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது. 20 பந்துகள் வரை வீசினால் மறுநாளும் வீசலாம். 21 முதல் 35 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு, 36 முதல் 50 வரை இரண்டு நாட்கள், 51 முதல் 65 வரை மூன்று நாட்கள், அதற்கு மேல் போனால் நான்கு நாட்கள். இந்த அட்டவணையை ஒரு வார இறுதியின் மேல் பொருத்திப் பாருங்கள். சனிக்கிழமை காலையில் 21ஆவது பந்தை வீசிவிட்ட பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மவுண்டில் ஏறவே கூடாது.

ஆனால் எல்லாப் போட்டிகளும் பந்துகளை எண்ணுவதில்லை. இன்னிங்ஸை மட்டும் எண்ணும் போட்டிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பேஸ்பாலில் எதிரணியின் மூன்று பேர் அவுட்டானால் பந்து வீசுபவருக்கு ஓர் இன்னிங்ஸ் முடிந்துவிடும். ஓர் இன்னிங்ஸ் எட்டுப் பந்துகளில் முடியலாம். பந்து குறிக்குள் விழாமல், பீல்டர்கள் இரண்டு கேட்ச்சுகளை விட்டுவிட்டால் முப்பத்தைந்து பந்துகளுக்கும் இழுக்கலாம். போட்டியின் கணக்கில் இரண்டும் ஓர் இன்னிங்ஸ் என்றே பதிவாகின்றன. அந்தப் பிள்ளையின் முழங்கைக்கு அவை ஒன்றல்ல. ஆகவே போட்டியின் விதி அனுமதிக்கிறது என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இந்த வயதில் எலும்புகளின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு இன்னும் கெட்டிப்படாத குருத்தெலும்பாகவே இருக்கிறது. ஒவ்வொரு பந்தை வீசும்போதும் முழங்கையின் உட்புறத்துத் தசைகளும் தசைநாரும் அந்தத் தட்டை இழுக்கின்றன. ஓய்வே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தால் அங்கே வீக்கமும் வலியும் வரும். ‘லிட்டில் லீக் எல்போ’ என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். 481 இளம் பிட்ச்சர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2011இல் வெளியான ஓர் ஆய்வு, ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்கள் கடுமையான காயத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.5 மடங்கு அதிகம் என்று கண்டது. முழங்கைத் தசைநாரை மாற்றி அமைக்கும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974இல் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு முதன்முதலாகச் செய்தபோது அது ஒரு தொழில்முறை வீரரின் வாழ்க்கையைக் காப்பாற்றும் முயற்சியாக இருந்தது. இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் அதே அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனை வாசலில் நிற்கிறார்கள் என்பது என்னை உண்மையிலேயே வருத்துகிறது.

இதோ என் கையில் இருப்பது பந்து எண்ணும் க்ளிக்கர். ஒவ்வொரு பந்துக்கும் ஒருமுறை கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மடியில் இருப்பது எங்கள் அணியின் நோட்டு. பிள்ளையின் பெயர், தேதி, வீசிய பந்துகள், எந்த நாளிலிருந்து மீண்டும் வீசலாம் என நான்கு பத்திகள். கேம்சேஞ்சர் செயலியிலும் எண்ணிக்கை பதிவாகிறது. இருந்தாலும் செல்போன் வெயிலில் சூடேறி அணைந்துவிடும் இடங்களில் தாள்தான் கைகொடுக்கிறது. எங்கள் கோச் வியாழக்கிழமையே எல்லாப் பெற்றோருக்கும் எந்த ஆட்டத்தில் யார், அதிகபட்சம் எத்தனை பந்துகள் என்று எழுதி அனுப்பிவிடுகிறார். அணியில் கேட்ச்சர்களைத் தவிர எல்லாப் பிள்ளைகளுக்கும் பந்து வீசும் பயிற்சி கொடுக்கிறார். கேட்ச்சரும் ஒவ்வொரு பந்தையும் பிட்ச்சருக்குத் திருப்பி எறிகிறான் அல்லவா? அதனால் ஒரே பிள்ளையை ஒரே நாளில் இரண்டு வேலைக்கும் விடுவதில்லை.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். என் மகன் முதல் இன்னிங்ஸை 17 பந்துகளில் முடித்தான். நாங்கள் இரண்டு ரன் முன்னிலையில் இருந்தோம். 20 பந்துகளைத் தாண்டினால் நாளை வீச முடியாது என்பதால், கோச் அணி உட்காரும் டக்அவுட்டில் அவன் தோளைத் தட்டி, அடுத்த இன்னிங்ஸில் வீசாமல் லெஃப்ட் பீல்டில் பீல்டிங் செய்யச் சொன்னார். அவன் வேலியருகே ஓடிவந்து, “அம்மா, எனக்குக் கை வலிக்கவே இல்லை, நீங்கள் சொல்லுங்களேன்” என்றான். “கோச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், போ கண்ணா” என்று அனுப்பிவிட்டேன். அடுத்து மவுண்டில் ஏறிய பிள்ளை வெளியூர்ப் போட்டியில் பந்து வீசுவது இதுவே முதல்முறை. முதல் இரண்டு பேட்டர்களுக்கும் வரிசையாகக் குறிக்கு வெளியே நான்கு நான்கு பந்துகள் போட்டு, அவர்களை முதல் பேஸுக்கு நடக்க விட்டான். மூன்றாமவன் வலது பக்க வேலி வரை அடித்தான். முன்னிலை போயிற்று, கடைசியில் ஒரு ரன் வித்தியாசத்தில் தோற்றோம். பார்வையாளர் இருக்கைகளில் சில முணுமுணுப்புகள் கேட்டன. கோச் செய்தது முற்றிலும் சரி என்று நான் நினைக்கிறேன். மூன்றாவது இன்னிங்ஸில் அதே பிள்ளை நிதானமாகி, மூன்று பேரையும் தரையோடு உருளும் பந்துகளில் அவுட்டாக்கினான். அவன் வீட்டுக்கு இதைத்தானே கொண்டுபோவான்?

சரி, பயணத்துக்கு வருகிறேன். பேட்டுகளை ஊரிலேயே சரிபார்த்துவிடுங்கள். 2018 முதல் நடைமுறைக்கு வந்த யூஎஸ்ஏ பேஸ்பால் முத்திரையும், போட்டிகள் நடத்தும் யூ.எஸ்.எஸ்.எஸ்.ஏ. அமைப்பின் 1.15 முத்திரையும் வேறு வேறு. ஒரு போட்டியில் ஏற்கும் பேட்டை இன்னொன்றில் அம்பயர் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். பிறப்புச் சான்றிதழின் நகல் கோச்சிடம் இருக்க வேண்டும். விடுதியைப் பொறுத்தவரை, போட்டி நடத்துபவர் குறித்துக் கொடுக்கும் விடுதிகளில் தங்கினால்தான் அணி ஆடலாம் என்ற விதி பல போட்டிகளில் உண்டு. அதைப் படித்துப் பார்த்த பிறகே அறை எடுங்கள், ஏனென்றால் பயணச் செலவில் பெரும்பகுதி அறை வாடகைதான். பிள்ளைகள் விடுதிக்குள் நுழைந்ததும் நீச்சல் குளத்துக்கு ஓடுவார்கள். ஆட்டங்கள் முடியும்வரை குளமும் கடலும் கிடையாது என்று எங்கள் அணியில் எல்லாப் பெற்றோரும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறோம்.

சாப்பாட்டுக்கு, ஐஸ் நிரப்பிய கூலர் பெட்டியில் தயிர் சாதம், எலுமிச்சைச் சாதம், நறுக்கிய தர்பூசணி ஆகியவற்றைக் கொண்டுவந்திருக்கிறேன். அணியின் மற்றப் பிள்ளைகளும் எலுமிச்சைச் சாதத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. செயற்கைப் புல் தரையின் சூடு காலணியைத் தாண்டி ஏறும். அதோடு கடலோரப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிவிலும் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

கோடைக்காலத்தில் இந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் இடி இடிப்பது வழக்கம். இடிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் மைதானத்தை விட்டு வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்; அதற்குள் இன்னோர் இடி கேட்டால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு ஆட்டம் தொடரும்போது, முன்பு வீசிக்கொண்டிருந்த பிள்ளையையே மீண்டும் சூடேற்றி மவுண்டுக்கு அனுப்பும் வழக்கம் சில அணிகளில் இருக்கிறது. குளிர்ந்துபோன கையை அப்படி இரண்டாம் முறை உழைக்க வைக்காதீர்கள். வேறொரு பிள்ளை வீசட்டும்.

ஓர் அணியில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன், கட்டணத்தைக் கேட்கும் அதே மூச்சில் கோச்சிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். பந்துகளை எண்ணுவது யார்? ஞாயிறு இறுதி ஆட்டத்தில், ஓய்வு முடியாத பிட்ச்சர் ஒருவன்தான் மிச்சம் என்றால் என்ன செய்வீர்கள்? ஆண்டில் எந்த மாதங்களில் பந்தே எறியாமல் ஓய்வு கொடுக்கிறீர்கள்? ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கு ஆண்டில் குறைந்தது நான்கு மாத ஓய்வும், எல்லா அணிகளையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதங்களில் 80 இன்னிங்ஸ் என்ற வரம்பும் பிட்ச் ஸ்மார்ட்டிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டு அணிகளில் ஆடும் பிள்ளை என்றால் இரண்டு கோச்சுகளுக்கும் மற்ற அணியின் கணக்கு தெரியாது. அதைச் சேர்த்து எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நாளைக்கு என் மகன் வீசலாம். எத்தனை பந்துகள் என்பதைக் கோச் இன்றிரவு சொல்வார். ஊர் திரும்பியதும் சில நாட்கள் பந்தைத் தொட விடமாட்டேன். முழங்கையின் உட்புறத்தை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்பேன். ஓய்வுக்குப் பிறகும் அங்கே வலி இருந்தால், வலி மாத்திரை கொடுத்து அடுத்த போட்டிக்கு அழைத்துப் போகாமல், எலும்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்கள் நோட்டின் மாதிரிப் பக்கத்தை வீடியோவின் கீழே இணைத்திருக்கிறேன். பதிவிறக்கி உங்கள் அணிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.