மூச்சை இழுத்தால் லைட் எரியும், அம்மா இழுத்தால் எரியாது

வணக்கம் மக்களே! குரல் கரகரப்பாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். மார்கழிப் பனி வந்தால் எனக்கு வீசிங்கும் வரும், பழைய ஆட்களுக்குத் தெரியும்.

போன வாரம் டாக்டர் இன்ஹேலரை அடித்துக் காட்டச் சொன்னார். பதினைந்து வருஷமாக அடிக்கிறேன், எனக்கேவா என்று கெத்தாக அடித்தேன். "முதலில் அமுக்குகிறீர்கள், அப்புறம்தான் இழுக்கிறீர்கள்" என்றார். மருந்தெல்லாம் தொண்டையிலேயே படிந்திருக்கிறது! பதினைந்து வருஷம்! அந்தக் கோபத்தில்தான் இந்த வீடியோ.

அமெரிக்காவில் 1956-இல் ரைக்கர் நிறுவனத்தின் மெடிஹேலர் என்ற அமுக்கி அடிக்கும் இன்ஹேலர் வந்ததிலிருந்தே இந்தத் தொல்லை உண்டு. அதற்குத்தான் ஆட்டோஹேலர் வந்தது. நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் வேகத்தில் இழுத்தால் ஸ்பிரிங் விடுபட்டு அதுவே அடிக்கும். பேட்டரி வேண்டாம், அதனால் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த எல்லையை நம் மூச்சுக்குத் தகுந்தபடி மாற்ற முடியாது. 1990-களில் கலிபோர்னியாவின் அராடைம் செய்த ஸ்மார்ட்மிஸ்ட் எலெக்ட்ரானிக். காற்றின் வேகம், அதுவரை உள்ளே போன அளவு இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மருந்தை அடித்தது.

மூச்சை இழுப்பதை உணர்கிற இன்ஹேலர் செய்ய நானும் முயன்றேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு மூக்கு வைத்த அழுத்த சென்சார், இரண்டு மூக்குக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளப்பது, ட்ரோன்காரர்கள் வாங்குவது. 1,900 என்றார். கிளம்புகிற மாதிரி நடித்தேன், 1,750. இன்னும் நாலு அடி வைத்தேன், 1,650, ரப்பர் டியூப் இலவசம்! பார்க்கிங்குக்கு 40 போனதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள்.

இன்ஹேலர் கூட்டில் ஓட்டை போட்டு டியூபைச் செருகினேன். ஐயோ, சொல்ல மறந்துவிட்டேன்: இது வெறும் கூடு, உள்ளே மருந்துக் குப்பி கிடையாது. மருந்துக்குப் பதில் எல்.இ.டி. எரியும், அவ்வளவுதான். உங்கள் இன்ஹேலரில் யாரும் கை வைக்காதீர்கள்.

முதல் தடவை மூச்சை விடும்போது எரிந்தது. டியூபை மாற்றிச் செருகியிருக்கிறேன். சரி செய்தால், நான் சும்மா இருக்கும்போதே எரிகிறது. அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் டேபிள் ஃபேன்! சால்டர் புகை ஆகாது என்று போட்டு வைத்தது.

சரி, எத்தனை அழுத்தத்தில் எரியவேண்டும் என்ற எல்லையை ஏற்றலாம் என்றால் மெல்லிய மூச்சு தப்பிவிடுகிறது. இழுக்கும் வேகம் பாதியானால் அழுத்த வித்தியாசம் கால்வாசியாகிவிடும். மூச்சுத் திணறும்போது மூச்சே மெல்லிசுதான், அப்போது பார்த்து இது கைவிட்டால்? காற்று போகும் வழியைக் குறுக்கினால் அழுத்தம் கூடும், ஆனால் இழுக்கவும் கஷ்டம். திணறுகிறவனுக்கு அதுவா வேண்டும்?

அப்புறம் ஒன்று தோன்றியது. எல்லையைக் கொஞ்சம் இறக்கி, 50 மில்லிசெகண்ட் தொடர்ந்து தாண்டி நின்றால்தான் எரியவேண்டும் என்று புரோகிராம் எழுதினேன். ஃபேன் காற்று விட்டுவிட்டு வருவது, அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. ஒன்பது தடவை இழுத்தேன், ஒன்பதும் எரிந்தது. ஃபேன் ஓடிக்கொண்டே!

அம்மாவைக் கூப்பிட்டேன். இழுத்தார். எரியவில்லை.

"வேகமா இழும்மா" என்றேன்.

"மெதுவா இழுக்கணும்னுதானே டாக்டர் உனக்குச் சொன்னார்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.